பன்னிரண்டு வோல்ட் கணக்கு

எங்கள் பக்கம் மைக் செட் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்டுண்ணே?" என்பதுதான். எத்தனை வோல்ட் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக் கரண்டில் ஓடும் செட்டுக்கு அது அவசியமான கேள்வியும் அல்ல. 230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் நமக்கு வேண்டியபடி இறக்கிக் கொடுத்துவிடும். நாற்பது வேண்டுமா, அறுபது வேண்டுமா, காயில் சுற்றுகிறவரிடம் சொன்னால் போதும். கார் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயர் ஓட்டுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் கையில் இருப்பது 12 வோல்ட். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 காட்டும், செல்லுக்கு 2.1 வீதம் ஆறு செல். அதற்குள்தான் பாட்டு, பேச்சு, மேளம், ஒப்பாரி எல்லாம் அடங்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், குருவாலப்பர்கோவில், மீன்சுருட்டி என்று இந்த வட்டாரத்தில் நான் பேட்டரி செட் கட்டாத ஊர் குறைவு. தொழில் பழகியது 1980-களின் கடைசியில், ஜெயங்கொண்டத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில். அப்போது நாங்கள் திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம், 2001-இல் அரியலூர், அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூர், 2007-இலிருந்து திரும்பவும் அரியலூர். கடை போர்டில் மாவட்டத்தின் பெயரை அழித்து அழித்து எழுதியதில் பெயிண்டருக்கு நல்ல வரும்படி.

கடைக்காரரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வால்வு செட் காலத்து ஆள். வால்வுக்கு 250, 300 வோல்ட் வேண்டும். அதை பேட்டரியிலிருந்து எடுக்க வைப்ரேட்டர் என்று ஒரு சாமான் இருந்தது. உள்ளே ஒரு தகடு விடாமல் அதிர்ந்து 12 வோல்ட் டி.சி.யை வெட்டி வெட்டிக் கொடுக்கும், அதை டிரான்ஸ்பார்மர் ஏற்றும். பேச்சாளர் பேச்சுக்கு நடுவே நிறுத்தினால் வைப்ரேட்டர் முனகுவது கேட்கும் என்பார். நான் கடைக்குப் போனபோது அதெல்லாம் பரணில் கிடந்தது. மேசை மேல் இருந்தது 2என்3055 டிரான்சிஸ்டர். வட்டத் தலை வைத்த இரும்புத் தொப்பி, இரண்டே கால், உடம்புதான் மூன்றாவது கால். 15 ஆம்பியர் வரை தாங்கும். அதில் ஒரு ஜோடி போட்டு, வெளியே ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வைத்தால் பேட்டரியில் ஓடும் நாற்பது வாட் செட் ரெடி. கம்பெனி செட் என்றால் அகுஜா. பின்பக்கம் 230 வோல்ட் ஏ.சி.க்கு ஒரு வழி, 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு வழி இருக்கும். அதை வாங்க முடியாதவர்களுக்குத்தான் நாங்கள் தகரப் பெட்டியில் செட் கட்டிக் கொடுத்தோம்.

பிறகு வந்தது 4440 ஐ.சி. ஜப்பானின் சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த எல்ஏ4440. வரிசையாகப் பதினாலு கால், முதுகில் ஒரு ஹீட் சிங்க் போல்ட் செய்தால் வேலை முடிந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து போர்டாகவே வர ஆரம்பித்ததும் எங்கள் பக்கம் சைக்கிள் கடைப் பையன்கூட ஆம்ப்ளிஃபயர் கட்டினான். தப்பில்லை. ஆனால் கட்டினவன் எவனும் கணக்குப் போடவில்லை. வாட் வாட் என்று அலைந்தார்கள்.

கணக்கு பெரிய வித்தை அல்ல. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 12 வோல்ட்டில் ஓடும் ஒற்றை ஆம்ப்ளிஃபயரின் வெளிமுனை நடுவில், 6 வோல்ட்டில் நிற்கும். அங்கிருந்து மேலே ஆறு, கீழே ஆறு ஆடலாம். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தன் பங்குக்கு ஒரு வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஐந்து. ஐந்தை ஐந்தால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால் வகுத்தால் வாட் கிடைக்கும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 25-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும்: மூன்று வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் போட்டால் ஒன்றரை. அவ்வளவுதான். பெட்டி மேல் 100 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதுதான்.

இதை நாலு மடங்காக்க ஒரு வழி உண்டு, பிரிட்ஜ். ஸ்பீக்கரின் இரண்டு முனைக்கும் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். ஆட்டம் ஐந்திலிருந்து பத்து வோல்ட் ஆகிறது. பத்துக்குப் பத்து நூறு, அதை 8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை வாட். 4440-க்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் அதைத் தனியாகவே பிரிட்ஜ் போடலாம். கம்பெனி தாளில் 19 வாட் என்று இருக்கும். 13.2 வோல்ட் கொடுத்து, பத்து சதவீதம் டிஸ்டார்ஷன் ஆகும்வரை முறுக்கி அளந்த கணக்கு அது. காது ஒத்துக்கொள்ளும் கணக்கு பன்னிரண்டுதான்.

"பன்னண்டு வாட்டுல ஊருக்குக் கேக்குமா அண்ணே?" என்று நான் மேஸ்திரியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கடை வாசலில் தொங்கிய குழாயை மட்டும் காட்டினார்.

எங்கள் தொழிலின் ரகசியம் அந்தக் குழாய்தான். பெட்டி ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 90 டெசிபல் வரும். அதே ஒரு வாட்டை ஹார்னுக்குக் கொடுத்தால் 105-க்கு மேல். வித்தியாசம் பதினைந்துதானே என்று நினைக்கக்கூடாது. டெசிபல் மூன்று கூட வேண்டுமென்றால் பவர் இரண்டு மடங்கு வேண்டும், பத்து கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு. பதினைந்து என்பது முப்பது மடங்கு. பத்து வாட்டில் ஹார்ன் செய்கிற வேலையைப் பெட்டி ஸ்பீக்கர் செய்ய முந்நூறு வாட் கேட்கும். பேட்டரியில் ஓட்டுகிறவனுக்கு அந்த முந்நூறுக்கு எங்கே போவது? ஹார்னின் வாய் அகலமும் கழுத்து நீளமும் டிரைவர் யூனிட்டின் சின்ன டயாஃப்ரத்தை வெளிக்காற்றோடு சேர்த்து வைக்கின்றன. காசு கொடுத்து வாட் வாங்குவதை விட்டுவிட்டு நல்ல குழாயை வாங்கு என்பது மேஸ்திரியின் பாடம். இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

ஹார்ன் யூனிட் 16 ஓம்ஸ் வரும். பிரிட்ஜ் போட்ட 4440-இல் அதை நேராகக் கொடுத்தால் நூறை 32-ஆல் வகுத்து மூன்று வாட். நாலு குழாயை இணையாகச் சேர்த்தால் 4 ஓம்ஸ், முழுப் பன்னிரண்டரை வாட்டும் வெளியே வரும். நாலு திசைக்கு நாலு குழாய் கட்டுவது எங்கள் பக்கம் வழக்கம் என்பதால் இது தானாகவே பொருந்திவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: குழாய்க்கு முன்னால் ஒரு கண்டன்சரைத் தொடராகப் போட்டு பேஸை மறித்துவிட வேண்டும். பறையடி, மேளம் நேராகப் போனால் டயாஃப்ரம் கிழியும்.

இனி ஒயர். எல்லா பேட்டரி செட்டும் சாகிற இடம் இது. கரண்டில் ஓடும் செட்டுக்கு அரை ஆம்பியர்கூட ஓடாது, நூல் மாதிரி ஒயரிலும் ஓடும். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு ஐந்தாறு ஆம்பியர் ஓட வேண்டும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை எடுத்து பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபயரை வைத்தால், போக வர பத்து மீட்டர், 0.18 ஓம்ஸ். ஐந்து ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே 0.9 வோல்ட் போய்விடும். 230-இல் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் ஒன்று போனால் பவரில் ஆறில் ஒரு பங்கு போகிறது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும், நீள ஒயரெல்லாம் ஸ்பீக்கர் பக்கம். ரொம்ப தூரம் போக வேண்டுமென்றால் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மர். நாற்பது வாட்டுக்கும் 0.4 ஆம்பியர்தான் ஒயரில் போகும். கிளிப்பில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவாமல் செட்டைத் தொடமாட்டார் மேஸ்திரி. அந்தப் பொடி தின்கிற வோல்ட் ஒயர் தின்பதைவிட அதிகம்.

பேட்டரிக்கு எங்கள் வட்டாரம் கொடுத்து வைத்தது. அரியலூர் சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், அவற்றை நம்பி ஓடும் லாரிகள். லாரிக்கு 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டிருப்பார்கள். டீசல் இன்ஜினை உதைத்துக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கேட்கும். அது கொடுக்க முடியாமல் போன பேட்டரியை டிரைவர்கள் மாற்றிவிடுவார்கள். நமக்கு வேண்டியது ஐந்து ஆம்பியர். லாரிக்கு ஆகாத பேட்டரி ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் சில காலம் நன்றாகவே உழைக்கும். பழைய சாமான் கடையில் எடைக்குப் போகும் முன் பேசி வாங்குவோம்.

வாங்கும்போது மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்து ஏமாறக்கூடாது. சும்மா கிடக்கும்போது கெட்ட பேட்டரிகூட 12.5 காட்டக்கூடும். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் எரியவிட்டு, எரியும்போது மீட்டர் வைக்க வேண்டும். நாலரை ஆம்பியர் இழுக்கும். கால் மணி நேரத்தில் 12-க்குக் கீழே சரிந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஆறு மூடியையும் திறந்து ஹைட்ரோமீட்டர். ஐந்து செல்லில் 1250, ஒன்றில் மட்டும் 1150 என்றால் அந்த ஒரு செல் மற்ற ஐந்தையும் கொல்லும்.

கார் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. நொடி நேரம் ஆளை உதைக்கிற மாதிரி ஆம்பியர் கொடுத்துவிட்டு, உடனே டைனமோவிடம் திரும்ப வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது அது. தகடு மெல்லியது. விடிய விடிய ஓட்டி அடிவரை வற்றடித்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, சில தடவையிலேயே பாதி உயிர் போகும். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் முப்பதுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வாட் செட்டை முழு வேகத்தில் ஓட்டினால் ஆறு ஆம்பியர், அப்படிப் பார்த்தால் ஐந்து மணி நேரம். ஆனால் யாரும் மூச்சுவிடாமல் பேசுவதில்லை. பேச்சுக்கு நடுவே விடும் இடைவெளியில் செட் அரை ஆம்பியர்கூட எடுக்காது. ஒரு கூட்டத்துக்கு சராசரி இரண்டு ஆம்பியர் போதும். இன்வெர்ட்டருக்கு வரும் டியூபுலர் பேட்டரி இதற்கு இன்னும் பொருத்தம். தூக்குகிறவன் முதுகுதான் ஒத்துக்கொள்ளாது.

2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருஷம் பேட்டரி செட்டுக்கு வந்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து ஒன்று. இராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டியங்காரன் வந்து சபைக்கு வணக்கம் சொல்லும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு ஊரில் பணம் இல்லை. சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் தட்டினேன். அதுவரை எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த 'உம்' என்ற இரைச்சல் அப்படியே நின்றுவிட்டது. ஹார்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார். "செட்டு நின்னுபோச்சா தம்பி?" என்றார். "இல்லைங்க மாமா, கட்டையைத் தொடுங்க" என்றேன். தொட்டார். சுரம் துல்லியமாக வெளியே போனது.

அந்த 'உம்' எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. டயோடு அதை நேராக்கினாலும் நூறு அலை மிஞ்சும், கண்டன்சர் அதை முழுசாகத் துடைக்காது. பேட்டரியில் அலையே இல்லை. இதற்கு எளிமையான பரீட்சை ஒன்று உண்டு. பட்டறையில் ஆம்ப்ளிஃபயர் கட்டி முடித்ததும் எல்லோரும் இன்புட் முனையில் விரல் வைத்துப் பார்ப்போம். 'கொர்ர்' என்று அலறினால் செட் பிழைத்தது என்று அர்த்தம். அதே செட்டை பேட்டரியோடு பொன்னேரிக் கரைக்குக் கொண்டுபோய், கரண்ட் கம்பியே இல்லாத இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். புதுப் பையன்கள் செட் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். கெட்டுப்போகவில்லை. பட்டறையில் அலறியது நம் உடம்பு. சுவரில் ஓடும் கரண்டை அது ஏரியல் மாதிரி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பொன்னேரி என்று இப்போது சொல்வது இராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம். அந்தக் கரைப் பக்கத்து ஊர்களில் மார்கழி விடியலில் போடும் திருப்பாவை பகலில் கேட்பதைவிட வெகுதூரம் கேட்கும். தரை இராத்திரி முழுக்கக் குளிர்ந்து, மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது, மேலே போகிற சத்தம் வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகல் வெயிலில் நேர்மாறாக வானத்துக்குப் போய்விடும். விடியலில் வால்யூமைப் பாதிக்கு இறக்கினாலும் அடுத்த ஊர்க்காரன் எழுந்து உட்காருவான் என்பதைக் கோயில் நிர்வாகிகளுக்குப் புரியவைப்பது என் தொழிலில் கடைசிவரை முடியாத காரியம்.

கூத்து இரவுக்குத் திரும்புவோம். விடியற்காலையில் பேட்டரி களைத்துவிட்டதை மீட்டர் இல்லாமலே சொல்லலாம். முதலில் மிருதங்கத்தின் தொப்பி அடி உடையும். அடி விழும்போதெல்லாம் பேனலில் இருக்கும் சிவப்பு எல்.இ.டி. மங்கி மங்கி எரியும். அடுத்து பேச்சில் 'ஸ', 'ஷ' கரகரக்கும். அந்த நிலையில் வால்யூமை ஏற்றுகிறவன் பேட்டரியையும் குழாயையும் சேர்த்து அழிக்கிறான். இறக்க வேண்டும். இறக்கினால் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் துரியோதனன் படுகளத்தில் விழுந்துவிடுவான்.

வண்டியில் கட்டுவது வேறு வேலை. தேர்தல் ஜீப், அறிவிப்பு ஆட்டோ, மீன் விற்கிற மினி லாரி. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதால் பவர் கூடும், பேட்டரியும் இறங்காது. கூடவே ஒரு விசிலும் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். வேட்பாளர் பேசும்போது பின்னால் கொசு பாடுவது மாதிரி இருக்கும். காரணம் பெரும்பாலும் பிளஸ் ஒயரை சாவி ஸ்விட்சிலிருந்தும், மைனஸை வண்டி பாடியில் கிடைத்த போல்ட்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். இரண்டையும் பேட்டரி முனையிலிருந்தே நேராக எடுத்தால் பாதி போகும். மீதிக்கு ஒரு சோக் காயிலும் 4700 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும்.

ஐப்பசி பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் அன்னாபிஷேகம். பதின்மூன்று அடி உயர லிங்கம், மூட்டை மூட்டையாகச் சோறு, வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. தொல்லியல் துறை பராமரிக்கும் இடம் அது, 2004-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. மதிலில் ஓர் ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ஆயிரம் வருஷக் கல்லில் கம்பி கட்டி ஹார்ன் தொங்கவிட நினைப்பவனோடு எனக்குப் பேச்சே இல்லை. வெளியே ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல், அன்னதானப் பந்தல்களுக்கு பேட்டரி செட் ஏற்றது. மழையில் நனைந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு காணாமல் போன பிள்ளையின் பெயரைச் சொல்கிறவர் கையில் 12 வோல்ட் ஷாக் அடிக்காது. 2025 ஜூலை 27-இல் பிரதமர் வந்து, இளையராஜா இசை நடந்த ஆடித் திருவாதிரை விழா மாதிரி ஒன்றுக்கு எங்கள் தகரப் பெட்டி எந்த மூலைக்கு? அது வேறு உலகம். ஆனால் வழி தவறிய பிள்ளைக்கு மூன்று வாட் போதும்.

இப்போது கடைக்கு வருகிற போர்டுகள் கிளாஸ் டி. 4440 எடுக்கிற கரண்டில் ஏறக்குறைய பாதி சூடாகவே போகும். கிளாஸ் டி நூற்றுக்குத் தொண்ணூறை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடுகிறது. கையளவு ஹீட் சிங்க் போதும், அதே பேட்டரி கூட நேரம் ஓடும். புளூடூத்தும் அதிலேயே இருக்கிறது. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் 12 வோல்ட்டைப் பெருக்க ஒரு கன்வெர்ட்டர் வைக்காதவரை வோல்ட்டின் கணக்கு மாறாது. அதே பத்து வோல்ட் ஆட்டம், கொஞ்சம் கூட. "300 வாட்" என்று அச்சடித்து விற்கிறார்கள். பையன்கள் நம்பி வாங்குகிறார்கள்.

கூம்பு ஒலிபெருக்கிக்கு, அதாவது எங்கள் குழாய்க்கு, இப்போது தடை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. பேட்டரி செட்டுக்கு மின்வாரியத்திடம் போக வேண்டியதில்லை என்பதால் போலீஸ் அனுமதியும் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டும்.

புதிதாகச் செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்கு: முதலில் ஃப்யூஸ் வாங்குங்கள், பிறகு போர்டு. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை, ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் சிவந்து ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி வேண்டாம், பொறி பறக்க கிளிப்பைப் பிடுங்கவும் வேண்டாம். இரண்டரை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒயர் போடாதீர்கள். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. போய்விடும், ஒரு டயோடு வையுங்கள். ஓடும்போது மீட்டர் 11.8 காட்டினால் நிறுத்திவிட்டு அன்று இரவே சார்ஜுக்குப் போடுங்கள்.